நோய்க்கென்று தனிப் புரதம் உண்டா?

நம் எல்லோருடைய தோலும் நாள்தோறும் உதிர்கிறது. குளித்துவிட்டுத் துண்டால் துடைக்கும்போதும், சட்டையை மாட்டிக் கழற்றும்போதும், பாயில் புரண்டு படுக்கும்போதும் மேலடுக்குச் செல்கள் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. ஆனாலும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் திரிந்தால்கூட அந்தத் துகள்கள் கண்ணில் படுவதில்லை. (பொடுகு வேறு கதை, அதை இங்கே விட்டுவிடுவோம்.) சொரியாசிஸ் இருப்பவர் அதே சட்டையைப் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே வெள்ளி மினுக்கத்தோடு செதில்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். படுக்கை விரிப்பை உதறினால் மேலும் விழும். அவர் தோலும் உதிர்கிறது, நம் தோலும் உதிர்கிறது. ஒன்று யாருக்கும் தெரியாமல் போகிறது, மற்றது ஊர் பார்க்கும்படி விழுகிறது. ஏன்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி குறைந்தது 10 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. எனவே இந்தக் கேள்வி எழாத தெருவே இருக்காது.

‘ரத்தம் கெட்டுப்போய்விட்டது’ என்பது ஊரில் சொல்லும் பதில். அதாவது ஆரோக்கியமான உடம்பில் இல்லாத ஏதோ ஒரு கெட்ட பொருள் தோலில் ஊறுகிறது என்ற எண்ணம். வேடிக்கை என்னவென்றால், ஆய்வுக்கூடங்களிலும் வெகுகாலம் இதையே வேறு சொற்களில் நம்பியிருந்தார்கள். நோயுற்ற தோலை அரைத்து அதிலுள்ள புரதங்களைப் பிரித்துப் பார்த்தால், நல்ல தோலில் இல்லாத ஒன்று அகப்படும், அதுதான் நோயின் முத்திரை என்று எதிர்பார்த்தார்கள். அகப்பட்டவை ஏராளம். ஆனால் அவற்றை ஒவ்வொன்றாக விசாரித்தபோது, ஏறத்தாழ எல்லாமே நல்ல தோலுக்குச் சொந்தமான புரதங்கள் என்று தெரிந்தது. தவறான இடத்திலோ தவறான நேரத்திலோ அவை தோன்றியிருந்தன, அவ்வளவுதான். இந்த அத்தியாயத்தின் வாதம் அதுதான். அதை நிறுவ, முதலில் நல்ல தோல் எப்படித் தன்னைக் கட்டிக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடியிலிருந்து மேலே

தோலின் வெளிப்பகுதியான மேல்தோல், உடம்பின் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். அந்தக் கனத்துக்குள் பல அடுக்குச் செல்கள். ஆக அடியில் இருக்கும் ஒற்றை வரிசைதான் பிள்ளை பெறும் வரிசை. அங்கே செல்கள் இரண்டாகப் பிரிகின்றன. பிரிந்தவற்றில் ஒரு பகுதி அங்கேயே தங்குகிறது, மற்றது மேல்நோக்கிக் கிளம்புகிறது. மேலே போகப் போக அது தட்டையாகி, கடைசியில் உட்கருவை இழந்து, செத்த ஓடாக மேற்பரப்பை அடைந்து உதிர்கிறது. இந்தப் பயணத்துக்குச் சுமார் நான்கு முதல் ஆறு வாரம் ஆகிறது.

பயணத்தில் செல் தன் உள்கட்டுமானத்தையே மாற்றிக்கொள்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். தோல் செல்லுக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி அதற்கு உறுதி தருவது கெரட்டின் என்ற இழைப் புரதம். முடியிலும் நகத்திலும் இருப்பது இதே குடும்பம்தான். மனித உடம்பில் கெரட்டினுக்கு மட்டும் 54 மரபணுக்கள் இருக்கின்றன. 1982-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ரோலண்ட் மோல், வெர்னர் ஃபிராங்கே ஆகியோரின் குழு, அப்போது தெரிந்த கெரட்டின்களைப் பிரித்தெடுத்து வரிசை எண் கொடுத்தது. பெயர் சூட்டாமல் எண் கொடுத்தது ரசனைக் குறைவு என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பட்டியல் வந்த பிறகுதான், எந்த அடுக்கில் எந்தக் கெரட்டின் என்று கேட்கவே முடிந்தது. அடி வரிசைச் செல்கள் 5, 14 ஆகிய எண்களை உடைய கெரட்டின்களைச் செய்கின்றன. அந்த வரிசையை விட்டு ஓரடி மேலே வைத்ததும் அவற்றை நிறுத்திவிட்டு 1, 10 ஆகியவற்றைச் செய்யத் தொடங்குகின்றன. இன்னும் மேலே, மணிமணியாகத் தெரியும் அடுக்கில், ஃபிலக்ரின் என்ற புரதம் வருகிறது. அது இழைகளை இறுக்கிக் கட்டுகிறது. பிறகு தானே சிதைந்து, தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் சிறு மூலக்கூறுகளாகிவிடுகிறது.

மேற்பரப்பில் இருக்கும் செத்த ஓடுகளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பவை சிறு புரத முளைகள். சில நொதிகள் அந்த முளைகளை அளவாக வெட்டிக்கொண்டே வருகின்றன. எல்லா முளைகளும் அறுந்த ஓடு தனியாக விழுகிறது. ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு அகலமே உள்ள அந்த ஒற்றை ஓடு கண்ணுக்குத் தெரியாது. முதல் கேள்வியின் பாதிக்கு இங்கேயே விடை வந்துவிட்டது. நல்ல தோல் உதிராமல் இருக்கவில்லை, ஒவ்வொன்றாக உதிர்கிறது. சொரியாசிஸ் செதில் என்பது முளைகள் அறுபடாமல் ஆயிரக்கணக்கான ஓடுகள் கூட்டமாகப் பெயர்ந்து விழுவது. இடையிடையே காற்றுப் புகுந்திருப்பதால் ஒளி சிதறி வெள்ளி நிறம் தெரிகிறது. ஓடுகள் ஏன் சேர்ந்து விழுகின்றன என்பது மீதிப் பாதி.

சாயம் ஏறிய இடம்

ஒவ்வொரு அடுக்குக்கும் அதற்கே உரிய புரதம் இருப்பதால், ஒரு செல்லில் எந்தப் புரதம் இருக்கிறது என்று தெரிந்தால் அந்தச் செல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். மருத்துவர்கள் ‘மார்க்கர்’ என்று சொல்வது இதைத்தான். இங்கே அதை அடையாளப் புரதம் என்போம். அதைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. தோலிலிருந்து எடுத்த துண்டை மிக மெல்லிய சீவல்களாக அரிந்து கண்ணாடிச் சில்லில் ஒட்டுவார்கள். குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, அதன்மேல் ஊற்றுவார்கள். எதிர்ப்பொருள் ஒட்டிய இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் ஏறும்படி சாயவினை நடக்கும். மற்ற உட்கருக்கள் நீலமாக நிற்கும். நுண்ணோக்கியில் பார்த்தால், நீலப் பரப்பில் அந்தப் புரதம் இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும்.

கெரட்டின் அல்லாத இன்னொரு அடையாளமும் நமக்கு வேண்டும். 1983-இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் யோஹானஸ் கெர்டெஸ் குழுவினர், பிரிந்துகொண்டிருக்கும் செல்லின் உட்கருவில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருள் ஒன்றைக் கண்டார்கள். அது கிடைத்தது சோதனைத் தட்டின் 67-ஆம் குழியில். ஊர்ப் பெயரின் முதல் இரண்டு எழுத்தையும் குழி எண்ணையும் சேர்த்துக் கேஐ-67 என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஓய்வில் இருக்கும் செல்லில் அந்தப் புரதம் இருக்காது. பிரிவதற்கான ஆயத்தத்தில் இறங்கிய செல்லில் இருக்கும். மார்பகப் புற்று முதல் மூளைக் கட்டி வரை உலகெங்கும் நோய்க்கூறு ஆய்வறைகளில் இன்று அன்றாடம் எழுதப்படும் பெயர் இது.

முழங்கையிலிருந்து ஒரு துண்டு

இப்போது ஒரே ஒரு எடுத்துக்காட்டை நிதானமாகப் பார்ப்போம். முழங்கையில் சிவந்து தடித்து, வெள்ளிச் செதில் படர்ந்த ஒரு திட்டு. அதன் விளிம்பில், பாதி நோயுற்ற தோலும் பாதி நல்ல தோலும் வரும்படி, நான்கு மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கத்தியால் ஒரு துண்டு எடுக்கப்படுகிறது. மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு எடுக்கும் சின்ன வேலை, ஓரிரு தையலோடு முடிந்துவிடும். அந்தத் துண்டிலிருந்து அடுத்தடுத்து மூன்று சீவல்கள். ஒன்றுக்குக் கேஐ-67, ஒன்றுக்குக் கெரட்டின் 10, மூன்றாவதற்குக் கெரட்டின் 16.

முதல் சீவலில் நல்ல பாதியைப் பார்த்தால், அடி வரிசையை ஒட்டி இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பழுப்பு உட்கருக்கள். விளிம்பைத் தாண்டி நோயுற்ற பாதிக்குள் போனதும் அவை நெருங்கி நிற்கின்றன. ஒரே வரிசையில் இல்லை, இரண்டு மூன்று வரிசை மேலே வரை ஏறியிருக்கின்றன. அடித்தோலுக்குள் நீண்ட விரல்களைப் போல மேல்தோல் இறங்கியிருப்பதும் தெரியும். இரண்டாவது சீவலில் நல்ல பாதி, அடி வரிசையை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டு மேலே முழுக்கப் பழுப்பு. அதுதான் கெரட்டின் 10-இன் இயல்பான இடம். நோயுற்ற பாதியில் அந்தப் பழுப்பு வெளிறிக் கிடக்கிறது. மூன்றாவது சீவல்தான் பார்ப்பவரைத் திடுக்கிட வைப்பது. நல்ல பாதியில் கெரட்டின் 16 இல்லவே இல்லை, நீலம் மட்டும்தான். விளிம்பு கடந்ததும் அடி வரிசைக்கு மேலே முழுக்க அடர்ந்த பழுப்பு. கோடு கிழித்தாற்போல இருக்கும்.

மூன்றையும் சேர்த்து வாசிப்போம். செல்கள் மிதமிஞ்சிப் பிரிகின்றன. மேலே கிளம்பியவை வழக்கமான முதிர்ச்சிப் பாதையை விட்டுவிட்டு வேறொரு பாதையில் போகின்றன. பல வாரப் பயணம் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மணி அடுக்கு உருவாகவே நேரமில்லை. உட்கருவைக் கரைக்கவும் நேரமில்லை, அதனால் செதிலுக்குள்ளேயே உட்கருவின் மிச்சங்கள் தெரிகின்றன. முதிராத ஓடுகளின் பிணைப்பு முறையாக அறுபடுவதில்லை. ஆகவே ஒவ்வொன்றாக விழ வேண்டியவை கூட்டமாக விழுகின்றன. சட்டையில் செதில் தெரிவதன் மீதிப் பாதிக் காரணம் இதுதான்.

இந்த இடத்தில் ஒருவர், ‘அப்படியானால் கெரட்டின் 16 தானே சொரியாசிஸின் முத்திரை? நல்ல தோலில் இல்லை, நோயுற்ற தோலில் இருக்கிறது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சாட்சியை இன்னும் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

சிராய்ப்பிலும் அதே சாட்சி

நோய்நொடி எதுவும் இல்லாத ஒருவரின் தோலில் சிறு வெட்டுக் காயம் ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். காயத்தின் ஓரத்துச் செல்களில் சில மணி நேரத்துக்குள் கெரட்டின் 6, 16, 17 ஆகிய மூன்றும் தலைகாட்டுகின்றன. அதே சமயம் கெரட்டின் 10 குறைகிறது. பின்னாலேயே கேஐ-67 ஏறிய உட்கருக்கள் பெருகுகின்றன. அந்த ஓரத்தை வெட்டிச் சாயம் ஏற்றினால், முழங்கைத் திட்டின் படத்துக்கும் இதற்கும் இந்த மூன்று அடையாளங்களை மட்டும் வைத்து வேறுபாடு சொல்வது கடினம். காயம் மூடியதும் கெரட்டின் 16 மறைந்து கெரட்டின் 10 திரும்பிவிடும். இன்னொன்று: உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், ஓயாத அழுத்தமும் உராய்வும் தாங்கும் அந்த இடங்களில், கெரட்டின் 16 எப்போதுமே இருக்கிறது. அங்கே அது நோயும் இல்லை, காயமும் இல்லை, வேலை.

1984-இல் நியூயார்க்கில் டுங்-டியன் சுன் குழுவினர் பல தோல் நோய்களின் துண்டுகளை வரிசையாக ஆராய்ந்தபோது, இந்தக் கெரட்டின்கள் சொரியாசிஸில் மட்டுமல்லாமல், செல்கள் அதிகமாகப் பெருகும் மற்ற நோய்களிலும் இருந்தன. எக்ஸிமா என்கிற கரப்பான் நோயிலும் கெரட்டின் 16 வரும். ஒரு கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று சொல்லலாம். புதிதாகக் கட்டுகிறார்களா, வெள்ளையடிக்கிறார்களா, இடிக்கப்போகிறார்களா என்று சாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கெரட்டின் 16 அப்படிப்பட்ட சாரம். தோல் அவசர வேலையில் இறங்கியிருக்கிறது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.

இதிலிருந்து பிறக்கும் முடிவு சுவையானது. சொரியாசிஸில் தோல் செய்வது புதுமையான எதையும் அல்ல. காயத்தை ஆற்றத் தெரிந்த அதே வேலையைக் காயமில்லாத இடத்தில் தொடங்கி, நிறுத்தாமல் செய்துகொண்டிருக்கிறது. நோய் இருப்பது அந்த வேலையில் அல்ல, ‘போதும்’ என்ற கட்டளை வராததில். இந்த உறவை அடையாளப் புரதங்கள் எவையும் தெரியாத காலத்திலேயே கவனித்தவர் பிரெஸ்லாவ் நகரத்து மருத்துவர் ஹைன்ரிஷ் கோப்னர். சொரியாசிஸ் உள்ளவரின் நல்ல தோலில் கீறல் பட்டால், அந்தக் கீறலின் தடத்திலேயே புதிய திட்டு எழும் என்பதை 1872-இல் அவர் விளக்கினார். இன்றைக்கும் அதற்கு அவர் பெயர்தான்.

கட்டளை எங்கிருந்து வருகிறது? 1979-இல், மூட்டுவாதத்துக்காகச் சைக்ளோஸ்போரின் கொடுத்துப் பார்த்த நோயாளிகளில் சொரியாசிஸ் இருந்தவர்களின் தோலும் தெளிந்தது. மாற்று உறுப்பை உடம்பு நிராகரிக்காதபடி வெள்ளணுக்களை அடக்கி வைக்கும் மருந்து அது. ஆக, தோல் செல்லை விரட்டுவது வெள்ளணு என்று தெரியவந்தது. பிறகு அந்த வெள்ளணுக்கள் அனுப்பும் சேதிகளில் முக்கியமானது இன்டர்லூக்கின்-17 என்ற புரதம் என்று தெளிவானது. அதை மறிக்கும் செகுகினுமாப் என்ற ஊசி மருந்து 2015-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

நோயின் பெயர் தாங்கிய காவலாளி

இன்னொரு புரதத்தின் வரலாறு இந்த வாதத்தை இன்னும் அழுத்தமாகச் சொல்லும். 1991-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் சொரியாசிஸ் தோலில் மிகையாகச் சுரக்கும் புரதம் ஒன்றைக் கண்டு, நோயின் பெயரையே வைத்து அதைச் சோரியாசின் என்றார்கள். நோயின் முத்திரை கிடைத்துவிட்டது என்று நினைக்க எல்லாக் காரணமும் இருந்தது. 2005-இல் கீல் நகரத்தில் யென்ஸ்-மிஷேல் ஷ்ரோடர் குழுவினர் வேறொரு கேள்வியோடு கிளம்பினார்கள். நம் குடலில் கோடிக்கணக்கில் இருக்கும் இ-கோலை நுண்ணுயிர் நம் தோலில் ஏன் குடியேறுவதில்லை? நல்ல தோலின் மேற்பரப்பைக் கழுவி எடுத்த நீரில் அந்த நுண்ணுயிரைக் கொல்லும் பொருளைத் தேடினார்கள். கிடைத்தது சோரியாசின். நம் எல்லோருடைய தோலிலும் நாள்தோறும் காவல் நிற்கும் புரதம், அளவு மீறிச் சுரந்த இடத்தில் முதலில் அகப்பட்டதால், நோயின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. சொரியாசிஸ் திட்டில் பெரும்பாலும் கிருமித் தொற்று ஏற்படாததற்கு இத்தகைய புரதங்களும் ஒரு காரணம்.

இருக்கும் மறுப்புகள்

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, புரதமே பழுதாகப் பிறக்கும் நோய்கள். கெரட்டின் 14-இன் மரபணுவில் ஒரு சிறு பிழை இருந்தால், லேசாகத் தேய்த்தாலே குழந்தையின் தோல் கொப்புளமாகிவிடும். 1991-இல் எலைன் ஃபியூக்ஸ் குழு உட்பட அமெரிக்க ஆய்வாளர்கள் இதை நிறுவினார்கள். இங்கே நல்ல தோலில் இல்லாத, பிசகிய புரதம் உண்மையிலேயே இருக்கிறது. இந்த விதிவிலக்கை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இவை அரிய நோய்கள். தோல் மருத்துவரின் வாசலில் காத்திருக்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் இவற்றுக்காக வந்தவர்கள் அல்ல.

பரவலான நோய்களிலும் பழுதான மரபணு உண்டே என்று ஃபிலக்ரினைக் காட்டலாம். 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்தில் இர்வின் மெக்லீன் குழுவினர், ஃபிலக்ரின் மரபணுவின் பழுது கரப்பானுக்கு வலுவான காரணம் என்று காட்டியது உண்மைதான். ஐரோப்பியரில் சுமார் பத்தில் ஒருவரிடம் அந்தப் பழுது இருக்கிறது. ஆனால் அவர்களில் பலருக்குக் கரப்பான் வருவதே இல்லை. மறுபக்கம், மரபணு நன்றாக இருப்பவர்களுக்கும் கரப்பான் வருகிறது, அவர்கள் தோலிலும் ஃபிலக்ரின் குறைகிறது. அழற்சியில் சுரக்கும் இன்டர்லூக்கின்-4, 13 என்ற சேதிப் புரதங்கள் அதன் உற்பத்தியை அமுக்கிவிடுகின்றன. ஆகவே ‘ஃபிலக்ரின் குறைவு’ என்று மட்டும் அறிக்கை சொன்னால் அது காரணமா விளைவா என்று தெரியாது. மறுப்பாக வந்தது வாதத்துக்குத் துணையாகிவிட்டது.

இரண்டாவது மறுப்பு பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோயிலிருந்து வருகிறது. தோல் செல்களைப் பிணைக்கும் டெஸ்மோக்ளீன் என்ற புரதத்தை உடம்பின் எதிர்ப்பொருளே தாக்குகிறது. ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருளைக் கண்டால் நோயை ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். இதைவிட நல்ல முத்திரை எது? சரி. ஆனால் இங்கே முத்திரையாக நிற்பது தோலின் புரதம் அல்ல, அதைத் தாக்க வந்த எதிர்ப்பொருள். டெஸ்மோக்ளீன் எந்தக் குற்றமும் செய்யாத, எல்லோரிடமும் இருக்கும் புரதம்.

மூன்றாவது, நடைமுறை சார்ந்தது: அடையாளப் புரதம் நோயின் பெயரைச் சொல்லாதென்றால் அதனால் என்ன பயன்? சொரியாசிஸைப் பொறுத்தவரை, பெயர் சொல்ல அது பெரும்பாலும் தேவையே இல்லை. அனுபவமுள்ள தோல் மருத்துவர் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார், சந்தேகம் வந்தால்தான் துண்டு எடுப்பார். அடையாளப் புரதத்தின் பயன் வேறு: நடக்கும் வேலையை அளப்பது. புதிய மருந்துகளின் சோதனைகளில், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் துண்டு எடுத்து, கெரட்டின் 16 மறைந்ததா, கேஐ-67 குறைந்ததா என்று பார்க்கிறார்கள். செதில் உதிர்ந்து தோல் வெளிப்பார்வைக்குச் சீராகும் முன்னரே உள்ளே மாற்றம் தொடங்கியதா என்று இதனால் தெரிகிறது. பெயரையும் சொல்ல வைக்கலாம், ஆனால் ஒற்றைப் புரதத்தை வைத்து முடியாது, சேர்க்கையை வைத்துத்தான் முடியும். 2014-இல் ஜெர்மனியின் மியூனிக் ஆய்வாளர்கள், ஒரே உடம்பில் சொரியாசிஸும் கரப்பானும் சேர்ந்து உள்ள நோயாளிகளைத் தேடிப் பிடித்து, இரண்டு வகைத் திட்டுகளையும் ஒப்பிட்டார்கள். ஆள் ஒருவரே என்பதால் வயது, பரம்பரை, உணவு என்ற வேறுபாடுகள் அடிபட்டுப்போயின. இரண்டே மரபணுக்களின் செயல்பாட்டைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டு நோய்களையும் பிரித்துவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

மறைந்த அடையாளம், மறையாத நினைவு

கடைசியாக ஒரு கண்ணி. அடையாளப் புரதம் இருந்தால் நோய் என்று பொருளல்ல என்று பார்த்தோம். அது இல்லாவிட்டால் நோய் இல்லை என்று பொருளா? அதுவும் இல்லை. நல்ல சிகிச்சைக்குப் பிறகு முழங்கைத் திட்டு மறைந்து, கெரட்டின் 16 போய், கெரட்டின் 10 தன் இடத்துக்கு வந்த தோலைச் சாயம் ஏற்றிப் பார்த்தால் நல்ல தோல் போலவே இருக்கும். ஆனால் அதற்குள் சில வெள்ளணுக்கள் பழைய சண்டையின் நினைவோடு தங்கிவிடுகின்றன. மருந்தை நிறுத்தினால் நோய் பல வேளைகளில் முன்பு இருந்த அதே இடத்தில், அதே ஓரத்தோடு திரும்புவது இவற்றால்தான்.

எனவே சொரியாசிஸ் இருப்பவர்கள், செதில் போய்விட்டது என்பதை வைத்துத் தாங்களாகவே மருந்தை நிறுத்த வேண்டாம். குறிப்பாக ஸ்டீராய்டு மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்னைவிட மூர்க்கமாக, உடம்பு முழுக்கச் சீழ்க்கொப்புளங்களோடுகூடத் திரும்பலாம். எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதைத் தோல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அருகில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்த நோய் தொட்டால் ஒட்டாது. சட்டையில் விழுந்த செதில் யாருக்கும் எதையும் தொற்ற வைக்காது.